பழைய ராணுவ சர்ப்ளஸ் குளிர்கோட்டுக்கு மாற்று தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல குளிர்காலங்கள் உழைத்த ராணுவ சர்ப்ளஸ் கோட் கிழியத் தொடங்கிவிட்டால், கடைக்குப் போய் "இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. அது கடைக்காகத் தைத்த கோட் அல்ல. துணி என்ன, எடை எவ்வளவு, ஜிப் எந்த வகை, தையல் எவ்வளவு நெருக்கம் என்பது வரை ராணுவம் எழுதிக் கொடுத்தது. ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் அதன்படியே தைத்தது. உபரியானபின் அது சந்தைக்கு வந்து உங்கள் தோளில் ஏறியது. ஒப்பந்தம் முடிந்ததும் தையலும் நின்றுவிட்டது.

இப்படி எல்லாமே எழுத்தில் இருந்ததால்தான் இன்று நம்மால் தேடவும் முடிகிறது. கோட்டின் உள்ளே இருக்கும் சின்ன லேபிளில் அதன் முறையான பெயர், சரக்கு எண், ஒப்பந்த எண், அளவு எல்லாம் அச்சாகியிருக்கும். மாற்று தேடுபவர்களில் பலர் இதை விட்டுவிட்டுத் தோற்றத்தைத் தேடுகிறார்கள். பச்சை நிறம், நான்கு பை, தோள்பட்டி இருந்தால் போதும் என்று வாங்கி, ஒரே குளிர்காலத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். தோற்றத்தை எந்த நிறுவனமும் நகலெடுத்துவிடும். நீங்கள் தேட வேண்டியது பழைய கோட்டின் அளவு, துணி, எடை மூன்றையும்தான். பழைய கோட் கையில் இருக்கும்வரை மூன்றும் உங்களிடமே இருக்கின்றன. புதியது வந்து சேரும்வரை அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், குப்பையிலும் போட்டுவிடாதீர்கள்.

முதலில்: உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

கோட்டின் உயிர் வெளித்துணியில்தான் இருக்கிறது. ஜிப், பட்டன், உள்ளுறை, கைமுனைப் பின்னல் எல்லாமே மாற்றக்கூடியவை. வெளித்துணி இற்றுப்போயிருந்தால் மட்டுமே கோட்டின் காலம் முடிந்தது என்று பொருள்.

இதைச் சோதிப்பது எளிது. லைனரை, அதாவது உள்ளே மாட்டும் பஞ்சு அடுக்கை, கழற்றிவிட்டு, கோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தோள்களின் மேற்பகுதி, முழங்கை, பை வாய், காலர் மடிப்பு ஆகிய இடங்களில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். பிறகு தோள் பக்கத் துணியை இரண்டு கைகளாலும் பிடித்துக் குறுக்குவாக்கில் மெதுவாக இழுங்கள். மெல்லிய இழுப்புக்கே நூல் பிரிந்தால், அந்தத் துணியில் எந்த ஒட்டும் நிற்காது; தையல் போட்ட இடத்துக்கு அடுத்த இடத்தில் கிழியும். துணி உறுதியாக இருந்து முழங்கையில் மட்டும் ஓட்டை என்றால், நல்ல தையற்காரர் உள்பக்கமாகத் துணி வைத்துத் தைத்து இன்னும் பல ஆண்டுகள் ஓட வைத்துவிடுவார்.

ஜிப் பற்றி ஒரு வார்த்தை. மேலே ஏற்றிய பிறகு பின்னால் தானாகத் திறந்துகொள்கிறது என்றால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது பற்களை இணைத்தபடி ஏறி இறங்கும் ஸ்லைடர்தான், பற்கள் அல்ல. ஸ்லைடரை மட்டும் மாற்றலாம். அதன் பின்பக்கத்தில் 5, 8, 10 போன்ற எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். அதே எண்ணில், அதே வகையில் வாங்க வேண்டும். உலோகப் பல்லுக்கு உலோக ஜிப் ஸ்லைடர், பிளாஸ்டிக் பல்லுக்கு பிளாஸ்டிக் ஜிப் ஸ்லைடர். பற்களே உதிர்ந்திருந்தால் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்லுங்கள்.

"கோட் முன்பு போல் குளிர் தாங்கவில்லை" என்பதுதான் உங்கள் குறை என்றால், லைனரைச் சந்தேகியுங்கள். நம்மைச் சூடாக வைப்பது துணிக்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. பாலியெஸ்டர் பஞ்சு ஆண்டுக்கணக்கில் நசுங்கித் தட்டையாகிவிட்டால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. அமெரிக்க ராணுவத்தின் எம்-65 கோட் போன்றவற்றுக்கு பட்டன் போட்டு மாட்டும் லைனர் இன்றும் தனியாகக் கிடைக்கிறது. அதை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

லேபிளைப் படிப்பது

லேபிள் பெரும்பாலும் காலருக்குக் கீழே, உள்பைக்குள், அல்லது பக்கத்தையலில் இருக்கும். மங்கியிருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட இப்படித் தெரிந்துவிடும்.

முதலில் தேட வேண்டியது சரக்கு எண். நேட்டோ நாடுகள் எல்லாம் ஒரே முறையில் 13 இலக்க எண் போடுகின்றன. முதல் 4 இலக்கம் பொருளின் வகை: 8405 என்றால் ஆண்களின் வெளியுடை, 8415 என்றால் சிறப்புப் பயன்பாட்டு உடை. அடுத்த 2 இலக்கம் நாடு: 00, 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 99 பிரிட்டன். உங்கள் லேபிளில் 11 இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 1974-க்கு முந்தைய அமெரிக்க முறை. அந்த நாட்டு எண் அப்போது கிடையாது. ஒவ்வோர் அளவுக்கும் தனி எண் உண்டு என்பதுதான் இதன் அருமை. அந்த எண்ணை அப்படியே தேடினால் அதே கோட், அதே அளவு வந்து நிற்கும். "பச்சை ராணுவ கோட்" என்று தேடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்து ஒப்பந்த எண். அமெரிக்கக் கோட்டுகளில் 1960-கள் முதல் 1977 வரை டிஎஸ்ஏ 100 (DSA 100) என்றும், அதன் பிறகு டிஎல்ஏ 100 (DLA 100) என்றும் தொடங்கும்; இவை அந்நாட்டு ராணுவக் கொள்முதல் அமைப்பின் பெயர்ச் சுருக்கங்கள். அதையடுத்து வரும் இரண்டு இலக்கம் நிதியாண்டு. டிஎஸ்ஏ 100-72 என்றால் ஒப்பந்தம் 1972-ஆம் நிதியாண்டுக்கு உரியது. கோட் தைத்து முடிந்தது அடுத்த ஆண்டாகக்கூட இருக்கலாம். இந்த ஆண்டு ஏன் முக்கியம்? ஒரே பெயரில் பல ஆண்டுகள் வந்த கோட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்திருக்கும். எம்-65-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: 1965-இல் வந்த முதல் வடிவில் தோள்பட்டி கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். ஜிப் தொடக்கத்தில் அலுமினியம், பிறகு பித்தளை, கடைசிக் காலத்தில் பிளாஸ்டிக். உங்கள் கைக்குப் பழகியது பித்தளை ஜிப் என்றால், அந்தக் காலத்து ஒப்பந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

லேபிளே இல்லாவிட்டால்? பழைய பிரிட்டிஷ் உடைகளில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருக்கும். ஸ்வீடன் உடைகளில் மூன்று கிரீட முத்திரை. பட்டன், ஜிப் ஸ்லைடர் ஆகியவற்றில் இருக்கும் பெயர்களையும் படம் எடுத்து வையுங்கள்.

அளவெடுப்பது

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். கோட்டைத் தட்டையான தரையில் விரித்து, ஜிப்பையும் பட்டனையும் மூடி, சுருக்கம் நீக்கி, இவற்றை சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, ஒரு தோள்தையலிலிருந்து மறு தோள்தையல் வரை, தோள்தையலிலிருந்து கைமுனை வரை, காலர் தையலிலிருந்து முதுகு வழியாகக் கீழ் விளிம்பு வரை. தோள்தையல் இல்லாமல் காலர் வரை கைத்துணி ஏறும் தையல் என்றால், முதுகின் நடுவில் காலருக்குக் கீழிருந்து கைமுனை வரை அளக்க வேண்டும். கடைசியாக, கோட்டை எடை போடுங்கள், லைனரோடு ஒருமுறை, லைனர் இல்லாமல் ஒருமுறை. இந்த எண்களை கைபேசியில் சேமித்து வையுங்கள். இனி எந்தக் கோட்டைப் பார்த்தாலும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

லேபிளில் உள்ள அளவு கோட்டின் அளவு அல்ல, அதை அணியும் உடலின் அளவு. உள்ளே ஸ்வெட்டர் போடத் தாராளமாக இடம் விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். அமெரிக்க எம்-65-இல் மீடியம் ரெகுலர் என்றால் மார்பு 37 முதல் 41 அங்குலம் (94 முதல் 104 செ.மீ.), உயரம் 67 முதல் 71 அங்குலம் (170 முதல் 180 செ.மீ.) உள்ளவருக்கு. ஸ்மால், லார்ஜ் என்பது மார்பு. ஷார்ட், ரெகுலர், லாங் என்பது உயரம். பிரிட்டிஷ் அளவு 180/104 என்பதுபோல் இருக்கும்: முதலாவது உயரம், அடுத்தது மார்பு, இரண்டும் சென்டிமீட்டரில். கடைகளில் நீங்கள் வழக்கமாக வாங்கும் எழுத்தை நம்பி சர்ப்ளஸ் வாங்காதீர்கள். பெரும்பாலும் ஒரு அளவு பெரிதாகவே வரும்.

அந்தக் கோட் உங்களுக்கு என்ன செய்தது?

ஒரு தாளில் எழுதுங்கள். காற்றைத் தடுத்ததா? மழையில் நனைந்தும் சூடு தந்ததா? பனிக்காற்றில் முகத்தைக் காத்ததா? நெருப்பருகே வேலை செய்யும்போது பொறி பட்டாலும் ஓட்டை விழாமல் இருந்ததா? பைகளில் என்னென்ன போட்டீர்கள்? பேருந்தில் உட்காரும்போது நீளம் இடைஞ்சல் தந்ததா?

எல்லாவற்றையும் ஒரே கோட் செய்யாது. பருத்தியும் நைலானும் பாதிப் பாதி கலந்து நெருக்கமாக நெய்த எம்-65 துணி காற்றைத் தடுக்கும், முள்ளுக்கும் பொறிக்கும் ஓரளவு தாங்கும், ஆனால் தொடர்மழையில் ஊறிவிடும். தடித்த மெல்டன் கம்பளி ஈரமானாலும் சூட்டை முழுதாக இழக்காது, ஆனால் கனக்கும், காய நேரமெடுக்கும். முழு நைலான் கோட் இலகு, விரைவில் காயும்; நெருப்புப்பொறி பட்டால் உருகும். நீர்புகாப் படலம் ஒட்டிய கோர்-டெக்ஸ் துணி மழையைத் தடுக்கும், ஆனால் அது வெறும் உறை. சூடு தருவது அதற்குள் நீங்கள் போடுவது.

நீங்கள் குளிரில் நடப்பவரா, நிற்பவரா என்பதையும் யோசியுங்கள். வேகமாக நடப்பவருக்கு வியர்வை வெளியேற வேண்டும். கனத்த பஞ்சு கோட் அவருக்குத் தொந்தரவு. பேருந்து நிறுத்தத்திலோ காவல் வேலையிலோ மணிக்கணக்கில் நிற்பவருக்குப் பஞ்சின் தடிமன்தான் உயிர்.

தேடும் வழிகள்

முதல் வழி, அதே கோட். சரக்கு எண் கையில் இருப்பதால் இது பலர் நினைப்பதைவிட எளிது. "அன்இஷ்யூட்" என்று விற்பனையாளர் போட்டிருந்தால், யாருக்கும் வழங்காமல் கிடங்கிலேயே இருந்தது என்று பொருள். "கிரேடு 1", "கிரேடு 2" என்பவை பயன்படுத்தியவற்றின் தரவரிசை. இதற்குப் பொது விதி இல்லை, ஒவ்வொரு கடையும் தனக்கென ஒன்று வைத்திருக்கும். நான் எப்போதும் கிரேடு 1 பயன்படுத்தியதையே விரும்புவேன். பல ஆண்டு மூட்டையில் மடிந்து கிடந்த புதுக் கோட்டில் மடிப்புக் கோடுகளில் துணி பலவீனமாகியிருக்க வாய்ப்புண்டு. உடுத்தித் துவைத்த கோட்டில் என்ன பழுது என்பது கண்ணுக்கே தெரியும். வெயில் காலத்தில் தேடுங்கள். குளிர் தொடங்கியபின் நடுத்தர அளவுகள் முதலில் தீர்ந்துவிடும். மிஞ்சுவது மிகச் சிறியதும் குட்டையானதும்தான்.

இரண்டாம் வழி, வேறொரு நாட்டின் கோட். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். பல நாட்டு ராணுவங்களுக்கு ஏறக்குறைய ஒரே குளிர்ப் பிரச்சினை இருந்தது, ஆளுக்கொரு விடை கண்டார்கள். சில நல்ல விடைகள் மட்டும் இங்கே.

எம்-65 அணிந்து பழகியவருக்கு ஜெர்மன் ராணுவப் பார்க்கா (தலைமூடி உள்ள நீண்ட குளிர்கோட்) நன்றாகப் பொருந்தும். பருத்தி கலந்த வெளித்துணி, தலைமூடி (ஹூட்), பட்டன் போட்டு மாட்டும் மென்முடி லைனர். எம்-65-ஐவிட நீளம், சூடும் அதிகம். பழையவை ஒற்றை ஆலிவ் நிறம். 1990-களில் புள்ளி உருமறைப்பு நிறத்துக்கு மாறியது. உருமறைப்பு வேண்டாம் என்பவர் ஆலிவ் நிறத்தையே தேடலாம்.

முழங்காலுக்கு மேல்வரை நீளம் வேண்டும், முகத்தில் காற்று அடிக்கக் கூடாது என்பவருக்கு அமெரிக்க விமானப்படையின் என்-3பி பார்க்கா. 1950-களில் கடுங்குளிர் நிலையங்களுக்காக உருவானது. முழுதும் ஜிப் ஏற்றினால் தலைமூடி முகத்துக்கு முன்னால் குழாய்போல் நீளும். அதன் விளிம்பு ஃபர் அழகுக்காக வைத்ததல்ல; காற்றை உடைத்து, முகத்தருகே அசையாத வெதுவெதுப்பான காற்றை நிறுத்துவதே அதன் வேலை. ஃபர் இல்லாத என்-3பி-யைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன்.

கொரியப் போர்க் காலத்து எம்-51 ஃபிஷ்டெயில் பார்க்கா பிளந்த வால்போன்ற பின்பக்கம் கொண்டது. அந்த வால்களைத் தொடையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். 1960-களில் பிரிட்டனில் 'மாட்' என்ற நாகரிகக் குழு இளைஞர்கள் ஸ்கூட்டரில் அணிந்து பிரபலமாக்கியது இதைத்தான். அசலானவை இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டன. அணிந்து தேய்க்க நினைத்தால் பின்னால் வந்த எம்-65 ஃபிஷ்டெயில் நடைமுறைக்கு ஏற்றது. அதன் தலைமூடியைக் கழற்றலாம்.

கம்பளி வேண்டும் என்பவர் பீகோட்டையோ (கடற்படையினரின் குட்டைக் கம்பளிக் கோட்) டஃபிள் கோட்டையோ (தலைமூடியும் கட்டைப் பொத்தானும் உள்ள கம்பளிக் கோட்) பார்க்கட்டும். அமெரிக்கக் கடற்படை 2020-இல் பீகோட்டுக்குப் பதிலாகப் புதிய குளிர்ப் பார்க்காவைக் கட்டாய உடையாக்கியது. பீகோட் விருப்ப உடையானது. ஆகவே பயன்படுத்திய நல்ல பீகோட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. பழையவற்றின் துணி பிற்காலத்தவற்றைவிடத் தடித்தது. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். டஃபிள் கோட் பிரிட்டிஷ் கடற்படையுடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அதன் உபரியை விற்றுத் தொடங்கியவர்களே 1951-இல் குளோவரால் நிறுவனத்தை அமைத்தார்கள்; அந்த நிறுவனம் இன்றும் டஃபிள் கோட் தைத்து வருகிறது.

வெறும் சூடு மட்டும் போதும், அசையாமல் நிற்பதுதான் வேலை என்றால், அமெரிக்க ராணுவத்தின் ஏழு அடுக்குக் குளிருடை முறையில் 7-ஆம் அடுக்குப் பார்க்காவோ, ஸ்வீடனின் எம்90 குளிர்ப் பார்க்காவோ போதும். இரண்டும் மற்ற எல்லா உடைக்கும் மேலே போட வெட்டியவை. முதலாவது ப்ரிமாலாஃப்ட் என்ற செயற்கைப் பஞ்சு, இலகு. இரண்டாவது பெரிது, பருமன்.

மூன்றாம் வழி, புதிதாகத் தைக்கும் நகல். இதில் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அமெரிக்காவின் ஆல்ஃபா இண்டஸ்ட்ரீஸ் 1959-இல் தொடங்கி ராணுவத்துக்கே ஒப்பந்தத்தில் தைத்த நிறுவனம். இப்போது பொதுச் சந்தைக்கு. ஜப்பானின் பஸ் ரிக்ஸன்ஸ், ரியல் மெக்காய்ஸ் போன்றவர்கள் பழைய துணியையும் ஜிப்பையும் அப்படியே மீட்டெடுக்கிறார்கள், விலையும் அதற்கேற்ப. இவற்றின் வெட்டு பெரும்பாலும் உடலோடு ஒட்டியது. பழைய கோட்டுக்குள் தடித்த ஸ்வெட்டர் போட்டவர் ஒரு அளவு கூட்டியே யோசிக்க வேண்டும். உங்கள் சென்டிமீட்டர் பட்டியல் இங்கேதான் பெரிதும் உதவும்.

நான்காம் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பழைய கோட்டையே மாதிரியாக வைத்து, திறமையான தையற்காரரிடம் புதிதாகத் தைப்பது. துணி இற்றுப்போன கோட்டைத் தையல் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்துகொள்ளலாம். கம்பளிக் கோட்டுக்கு இது மிகச் சிறப்பாக அமையும். லைனர், தலைமூடி, இழுகயிறு நிறைந்த பார்க்காவுக்குச் செலவு ஏறிவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கொடுக்கும் முன்

நேரில் என்றால் இழுத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். இணையத்தில் என்றால் விற்பவரிடம் கேளுங்கள்: லேபிளின் தெளிவான படம், அக்குளுக்கு அக்குள் அளவு, கைமுனையும் பை வாயும் நெருக்கத்தில், ஜிப் ஓடும் காணொலி. லேபிள் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஒப்பந்த எண் இல்லாமல் "மிலிட்டரி ஸ்டைல்" என்று மட்டும் லேபிளில் இருந்தால் அது நகல். நகல் கூடாது என்பதில்லை, ஆனால் அசல் விலைக்கு வாங்கக் கூடாது.

கோர்-டெக்ஸ் சர்ப்ளஸில் மட்டும் கூடுதல் கவனம். உள்ளே தையல்களின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை உரிந்திருக்கிறதா, உள்படலம் கொப்புளித்துப் பிரிகிறதா பாருங்கள். ரப்பர் அல்லது பாலியூரிதேன் பூச்சு உள்ளவற்றில் உள்பக்கம் பிசுபிசுத்தால் பூச்சு சிதைகிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை. விட்டுவிடுங்கள்.

கோட்டில் பதவிச் சின்னம், படைப்பிரிவு அடையாளம் இருந்தால் வெளியே அணியும் முன் பிரித்தெடுங்கள். அவை ஒருவர் உழைத்துப் பெற்றவை. பெயர்ப் பட்டியும் அப்படியே.

கோட் வந்ததும்

லேபிளைக் கிழிக்காமல், உங்கள் தடித்த ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். கைமுனை மணிக்கட்டைவிட்டு வெகுதூரம் ஏறக்கூடாது. உட்காருங்கள், ஜிப்பைத் தாடை வரை ஏற்றுங்கள், தலைமூடியைப் போட்டு இருபுறமும் திரும்பிப் பாருங்கள். முகம் திரும்பும்போது தலைமூடியும் சேர்ந்து திரும்ப வேண்டும். பிறகு எடை போடுங்கள். பழைய கோட்டைவிட இலகுவாக இருப்பதாலேயே "இது தாங்காது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நசுங்காத புதுப் பஞ்சு எடை குறைவாக இருந்தும் கூடுதல் சூடு தரும். குளிரில் ஒருமுறை வெளியே போய்வந்து தீர்மானியுங்கள்.

கிடங்கு நாற்றம் பழைய கோட்டோடு வரும் துணை. அந்துருண்டை மணத்துக்கு வாசனைத் திரவியம் தெளிப்பது வீண். நல்ல காற்றோட்டத்தில் நிழலில் பல நாள் தொங்கவிடுவதே மருந்து. பூஞ்சை என்றால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் தட்டிவிட்டு, வெயிலில் காயவைத்துப் பிறகு துவைக்க வேண்டும். கம்பளிக் கோட்டை வீட்டு அலமாரியில் சேர்க்கும் முன், காற்றுப்புகாத பையில் இட்டு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் அந்துப்பூச்சியும் அதன் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் துணியில் ஈரம் படியாது.

எம்-65 போன்ற துணிக் கோட்டை லைனர் கழற்றி, ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே திருப்பி, குறைந்த சூட்டில் துவைக்கலாம். துணி மென்மையாக்கி திரவம் வேண்டாம். அது நீர்விலக்கும் தன்மையைக் கெடுக்கும். கோர்-டெக்ஸில் நீர் முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கினால், துவைத்து லேபிள் அனுமதிக்கும் சூட்டில் உலர்த்துங்கள். பல நேரம் அதிலேயே பழைய தன்மை திரும்பிவிடும். திரும்பாவிட்டால் துவைக்கும்போது சேர்க்கும் நீர்விலக்குத் திரவம் கடையில் கிடைக்கும். கம்பளி என்றால் தூரிகையும் காற்றும் போதும், எப்போதாவது டிரை கிளீனிங்.

அணியத் தொடங்கும் முன் எல்லா பட்டனையும் ஒருமுறை உறுதியான நூலால் மறுபடி தைத்துவிடுங்கள். கிடங்கில் கிடந்த காலத்தில் பருத்தி நூல் இற்றுப்போயிருக்கும், முதல் வாரத்திலேயே பட்டன்கள் உதிரும். இழுகயிறு, அதன் பூட்டு, உதிரி பட்டன், லைனர், பித்தளை ஸ்லைடர் என்று பழைய கோட்டில் நல்ல நிலையில் இருப்பவற்றை எல்லாம் கழற்றி ஒரு பையில் போட்டு, எந்தக் கோட்டுடையது என்று எழுதி வையுங்கள். அந்தக் காலத்துப் பாகங்கள் தனியாகக் கிடைப்பது அரிது. குளிர்காலம் முடிந்ததும் புதிய கோட்டை மடித்து அழுத்தி வைக்காமல், அகன்ற தோள் உள்ள ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பஞ்சு நசுங்காது, மடிப்பில் துணி இறாது.